மண்ணைப் பக்குவப்படுத்தும் யந்திரமும் குயவரின் கணக்கும்

குயவர் சக்கரத்தின்மீது வைக்கும் மண் ஏரியிலிருந்தோ ஆற்றங்கரையிலிருந்தோ நேராக வந்ததன்று. தோண்டிய மண்ணை உலர்த்தி, உடைத்து, ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, மணல் கூட்டி, காலால் மிதித்து, கையால் பிசைந்த பிறகே அது வனைவதற்கு ஏற்றதாகிறது. இந்த வேலை முழுவதும் சட்டியோ பானையோ உருப்பெறுவதற்கு முன்பே முடிந்துவிடுவதால், பார்ப்பவர் கண்ணில் அது படுவதில்லை. ஆயினும் சூளையில் உடையும் பாண்டங்களிற் பல, மண் குழியிலேயே உடைந்துவிட்டவை எனலாம்.

மிதிக்கும் வேலை உடலை வருத்துவது. குளிர்காலத்தில் வட இந்தியக் கிராமங்களில் விடியுமுன்னரே ஈரமண்ணில் நின்று மிதிப்பவரின் பாதங்கள் வெடிப்பதும், முழங்காலும் இடுப்பும் நோவதும் வழக்கம். பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் முதியோருமே இதைச் செய்கின்றனர். இச்சுமையைக் குறைக்கும் நோக்குடன், கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018-இல் தொடங்கிய குயவர் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் மின்சாரச் சக்கரங்களோடு மண் கலக்கும் யந்திரங்களும் வழங்கப்பட்டன. கையாலும் காலாலும் 800 கிலோ மண்ணைத் தயாரிக்க 5 நாட்கள் ஆகும் என்றும், யந்திரம் அதை 8 மணி நேரத்தில் முடிக்கும் என்றும் ஆணையம் அறிவித்தது. விசையின் உதவியால் மண்ணைப் பக்குவப்படுத்துவது நம் நாட்டிற்குப் புதிதன்று. மங்களூரில் 1865-இல் பாஸல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபோது அவ்வேலைக்கு மாடுகளே பூட்டப்பட்டன.

களப் பணியாளர் முதலில் இரு யந்திரங்களை வேறுபடுத்தி அறிய வேண்டும். ஒன்று மண் கரைக்கும் தொட்டி. அதில் மண்ணும் நீரும் சுழன்று கஞ்சி போன்ற கூழாகின்றன. அதைச் சல்லடையில் வடித்தால் கல்லும் வேரும் நீங்கும். மற்றொன்று பக் மில் எனப்படும் பிசையும் யந்திரம். இது கல்லை நீக்காது. ஏற்கெனவே பதமான மண்ணைப் பிசைந்து ஒருசீராக்குவதே இதன் தொழில். வடிக்காத மண்ணை நேரே பக் மில்லில் இட்டுவிட்டு, பாண்டத்தில் கல் இருக்கிறதே என்று யந்திரத்தைக் குறைகூறுவது பொருந்தாது.

பக் மில்லின் அமைப்பு எளிது. படுக்கையாகவோ நிமிர்ந்தோ நிற்கும் ஓர் இரும்பு உருளை. அதன் நடுவே சுழலும் தண்டு. தண்டில் சாய்வாகப் பொருத்திய தகடுகள். மேல்வாயில் இட்ட மண்ணைத் தகடுகள் வெட்டி, புரட்டி, முன்னோக்கித் தள்ளுகின்றன. இறுதியில் மண் குறுகிய மூக்கு வழியே நெருக்கப்பட்டு உருண்ட தடியாக வெளிவருகிறது. விலை மிகுந்த வகைகளில் உருளையின் இடையே ஒரு வெற்றிட அறை உண்டு. அங்கே மண் மெல்லிய இழைகளாகச் சிதறும்போது அதிலுள்ள காற்றைப் பம்பு உறிஞ்சிவிடும். அந்த அறை இல்லாத யந்திரத்திலிருந்து வரும் மண்ணில் காற்றுக் குமிழ்கள் எஞ்சியிருக்கும். சக்கரத்தில் ஏற்றுமுன் கையால் ஒருமுறை பிசைந்தே தீரவேண்டும்.

ஆனால் எவ்வளவு மண்ணுக்கு எவ்வளவு மணல் என்பதை எந்த யந்திரமும் சொல்லாது. தவறான கலவையை இட்டால், அத்தவறு சிறிதும் மாறாமல் முழுவதும் பரவிய மண்ணே கிடைக்கும்.

இதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 100 கிலோ உலர்ந்த மண்ணுக்கு 20 கிலோ மணல் என்பது ஒருவரின் அளவு என்று கொள்வோம். மழைக்காலத்தில் அவர் எடுக்கும் மண்ணில் எடைக்கு 20 சதவீதம் ஈரம் இருந்தால், 100 கிலோவில் உண்மையான மண் 80 கிலோவே. அதற்கு வேண்டிய மணல் 16 கிலோ. அவர் வழக்கம்போல் 20 கிலோ உலர்ந்த மணலைக் கொட்டினால், 100-க்கு 25 என்ற விகிதம் ஆகிவிடுகிறது. மண் சொரசொரப்பாகி, சக்கரத்தில் எழும்பாமல் கிழியும். கோடையில் இதே அளவு சரியாக வந்ததால், மண்ணை விற்றவர்மீதோ யந்திரத்தின்மீதோ பழி விழுகிறது. கூடையால் அளப்பவருக்கு இக்குழப்பம் இன்னும் அதிகம். கட்டியாக உள்ள மண்ணும் பொடித்த மண்ணும் ஒரே கூடையில் ஒரே எடை நில்லா.

ஈரத்தை அறிவதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பள்ளித் தராசில் 100 கிராம் மண்ணை நிறுத்து, வாணலியில் இளஞ்சூட்டில் கிளறி, எடை மேலும் குறையாத நிலை வரும்வரை மீண்டும் மீண்டும் நிறுக்க வேண்டும். குறைந்த எடையே ஈரத்தின் அளவு. மாணவர்களைக் கொண்டே இதைச் செய்விக்கலாம்.

மணல் எவ்வளவு வேண்டும் என்பதைச் சுருக்கச் சோதனை காட்டும். பதமான மண்ணில் ஒரு பட்டை செய்து, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு கோடுகள் கீறி, நிழலில் உலர்த்துக. உலர்ந்தபின் இடைவெளி 9.4 சென்டிமீட்டர் ஆனால் சுருக்கம் 6 சதவீதம். சுருக்கம் மிகுந்த மண் உலரும்போதே வெடிக்கும். அதற்கு மணலோ, பழைய ஓட்டைப் பொடித்த தூளோ சேர்க்க வேண்டும். விரல் பருமனில் மண்ணைத் திரித்து வளையமாக வளைக்கும்போது அது விரிந்து பிளந்தால், மணல் ஏற்கெனவே மிகுதி. ராஜஸ்தானில் மோலேலா ஊரின் குயவர், தெய்வ உருவப் பலகைகள் செய்யும் மண்ணில் கழுதைச் சாணத்தைக் கலக்கின்றனர். சாணத்திலுள்ள நார் உலரும்போது மண்ணைப் பிணைக்கிறது. சூளையில் எரிந்து நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. ஆய்வுக்கூடம் காணாத கலவையெல்லாம் அறியாமை என்று எண்ணுவது தவறு.

சுண்ணாம்புக் கற்கள் கலந்த மண் வேறொரு தொல்லை தரும். சூளையில் சுண்ணாம்புக் கல் சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. பிறகு காற்றின் ஈரத்தை ஏற்றுப் பருத்து, பாண்டத்தின் மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கிறது. விற்ற பாண்டம் சில நாட்களுக்குப் பின் வாங்கியவர் வீட்டில் பெயர்வதால், குயவரின் நற்பெயரும் அதோடு போகிறது. சந்தேகமான மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டால், சுண்ணாம்பு இருக்குமிடத்தில் நுரைக்கும். நுண்ணிய சல்லடையில் வடிப்பதே பரிகாரம். பக் மில் இதில் கேடே செய்யக்கூடும். மென்மையான கட்டிகளை நொறுக்கி எங்கும் பரப்பிவிடும்.

யந்திரம் நன்றாகக் கலந்ததா என்று அறிய, வெளிவந்த தடியை மெல்லிய கம்பியால் குறுக்கே அறுத்துப் பார்க்க வேண்டும். வெட்டு முகத்தில் நிறக்கோடுகளோ துளைகளோ தெரிந்தால், மீண்டும் ஒருமுறை யந்திரத்தில் இடுக. செம்மண்ணையும் வெண்களிமண்ணையும் சேர்த்து இட்டு, ஒவ்வொரு முறையும் அறுத்துக் காட்டினால், கலத்தல் என்பது படிப்படியாக நிகழ்வதை வகுப்பில் கண்கூடாக உணர்த்தலாம். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது: சுழலும் தகடுகளால் தடிக்குள் மண் திருகுச்சுருளாகப் படிகிறது. அதை நிமிர்ந்த நிலையிலேயே சக்கரத்தில் வைத்து வனைந்தால், உலரும்போது அடிப்பகுதியில் வளைந்த வெடிப்பு தோன்றும். தடியைக் கிடத்தி, திசை மாற்றிப் பிசைந்த பிறகே ஏற்ற வேண்டும்.

பிசைந்த மண்ணை உடனே வனைவதைக் காட்டிலும் ஈரச் சாக்கால் மூடிச் சில வாரங்கள் வைத்திருப்பது நல்லது. நீர் நுண்துகள்களினிடையே முற்றும் ஊடுருவ, குழைவு மிகுகிறது.

இரண்டு அபாயங்களைக் களப் பணியாளர் நேரில் கண்டு தடுக்க வேண்டும். மண் வாயில் சிக்கிக்கொண்டால் அதைக் கையால் குத்தித் தள்ளுவது பலரின் பழக்கம். ஈரமண் கையைப் பற்றி இழுக்க, தகடுகள் விரலை வெட்டிவிடும். மரக்கட்டையாலேயே தள்ள வேண்டும்; மின்விசையை நிறுத்தும் பொத்தான் இயக்குபவர் கைக்கு எட்ட வேண்டும். மற்றையது தூசி. குர்ஜா போன்ற பீங்கான் ஊர்களில் கலவைக்குச் சேரும் குவார்ட்ஸ் கல்லின் நுண்தூள், பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு உண்டாக்கும். சிலிக்கோஸிஸ் என்னும் அந்நோயைக் குணப்படுத்த இயலாது. செம்மண்ணிலும் மணற்றூள் உண்டு. ஆதலால் உலர்ந்த பொடிகளைக் கொட்டிக் கிளறாமல் நீரில் இட்டே கலக்க வேண்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கொட்டகையில் பிள்ளைகளை உறங்கவைக்கும் வழக்கம் இருந்தால் அதை மாற்றியாக வேண்டும்.

வேலை முடிந்தபின் உருளைக்குள் மண் தங்கியிருக்கும். ஓரிரு நாளில் மீண்டும் இயக்குவதாயின், வாயையும் மூக்கையும் ஈரச் சாக்கால் இறுக மூடினால் போதும். நெடுநாள் நிறுத்துவதாயின், மின் இணைப்பை விலக்கி, உருளையைத் திறந்து, மண்ணைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். உள்ளே இறுகிய மண்ணோடு மோட்டாரை இயக்கினால் தகடு வளையும், அல்லது மோட்டார் கருகும்.