வெளிப்புற வன்வட்டு வாங்குகிறீர்களா? நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது

புது தில்லி: மடிக்கணினி பழுதடைந்தால் புதியதொன்றை வாங்கிவிடலாம். அதில் இருந்த திருமணப் புகைப்படங்களையும், ஆய்வேட்டின் வரைவையும், மறைந்த பெற்றோரின் குரல் பதிவையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. எனவேதான், ஹார்டு டிஸ்க் எனப்படும் வெளிப்புற வன்வட்டை வாங்குவோர் பலரும், எந்த நிறுவனத்தின் தயாரிப்பு நம்பகமானது என்ற கேள்வியையே முதலில் எழுப்புகின்றனர். ஆனால், நிறுவனத்தின் பெயரைக் காட்டிலும் சாதனத்தின் வகையும், அதைப் பயன்படுத்தும் முறையும், மறுபிரதி இருக்கிறதா என்பதுமே தரவுகளின் பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன.

மூன்றே தயாரிப்பாளர்கள்

சுழலும் தகடுகளைக் கொண்ட வன்வட்டுகளை உலக அளவில் தற்போது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களே தயாரிக்கின்றன. சாம்சங்கின் வன்வட்டுப் பிரிவை 2011-இல் சீகேட்டும், ஹிட்டாச்சியின் பிரிவை 2012-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் கையகப்படுத்தின. வேறு பெயர்களில் விற்கப்படும் வன்வட்டுகளின் உறைக்குள்ளும் இம்மூன்றில் ஒன்றின் தயாரிப்பே இருக்கும்.

அமெரிக்காவைச் சேர்ந்த பேக்பிளேஸ் என்னும் மேகச் சேமிப்பு நிறுவனம், தனது மையங்களில் இயங்கும் வன்வட்டுகளின் பழுது விவரங்களை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளின் விவரங்களின்படி, ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒன்று முதல் இரண்டு வரை பழுதடைகின்றன. தரவு மையங்களுக்கான அவ்வகை வன்வட்டுகளைக் கையடக்க வன்வட்டுகளுடன் நேரடியாக ஒப்பிட இயலாது. எனினும், எந்த நிறுவனத்தின் தயாரிப்பும் பழுதுக்கு விலக்கல்ல என்பதை இவ்விவரங்கள் தெளிவுபடுத்துகின்றன.

வன்வட்டா, எஸ்எஸ்டியா?

வன்வட்டினுள் தகடுகள் வேகமாகச் சுழல, அவற்றின் மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் வாசிப்பு முனை நகர்கிறது. இயங்கும்போது மேசையிலிருந்து கீழே விழுந்தால், முனை தகட்டில் உரசித் தரவுகள் அழியக்கூடும். எஸ்எஸ்டியில் நகரும் பாகங்கள் இல்லை. ஆகவே, பையில் வைத்து நாள்தோறும் பயணம் செய்வோருக்கும், அதிலிருந்தே காணொலிகளைத் தொகுப்போருக்கும் எஸ்எஸ்டி ஏற்றது.

ஆனால், எஸ்எஸ்டியில் தரவுகள் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகின்றன. மின்சாரம் பெறாமல் நெடுங்காலம் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் குறையக்கூடும். எனவே, புகைப்படங்களைப் பதிவேற்றிவிட்டு ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்க எண்ணுவோருக்கு வன்வட்டே பொருத்தமானது. ஒரு டெராபைட்டுக்கான விலையும் அதிலேயே குறைவு.

கையடக்க வன்வட்டுகள் பலவற்றில் எஸ்எம்ஆர் என்னும் பதிவு முறை பின்பற்றப்படுகிறது. இதில் தரவுத் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று பகுதியளவு படிந்திருக்கும். ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்துள்ள தடங்களையும் மாற்றி எழுத வேண்டியிருப்பதால் வேகம் குறையும். மறுபிரதி எடுத்து வைக்க இது போதுமானது. நாள்தோறும் கோப்புகளைத் திருத்தும் பணிக்கு ஏற்றதல்ல.

மலிவு விலையில் மறைந்துள்ள மோசடி

இணையச் சந்தைகளில் 16 டெராபைட் எஸ்எஸ்டி என்ற பெயரில் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படுபவற்றுள் போலிகள் உண்டு. உறைக்குள் சிறிய மெமரி கார்டைப் பொருத்தி, கணினியில் பெரிய கொள்ளளவு தோன்றுமாறு அவற்றில் மாற்றம் செய்யப்பட்டிருக்கும். உண்மைக் கொள்ளளவு நிரம்பிய பின் பதியப்படும் கோப்புகள், பட்டியலில் தென்பட்டாலும் திறக்க இயலாதவையாகிவிடும்.

அதேவேளையில், 1 டெராபைட் வன்வட்டு விண்டோஸ் கணினியில் 931 ஜிபி எனக் காட்டப்படுவது மோசடியன்று. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும், விண்டோஸ் 1,024-இன் மடங்கிலும் கணக்கிடுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை

யுஎஸ்பி வெளிப்புற வன்வட்டுகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்தின் கீழ் வருகின்றன. பெட்டியிலோ சாதனத்திலோ அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இடம்பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணை அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். இம்முத்திரை மின் பாதுகாப்புக்கானது. சாதனம் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதற்கான சான்றன்று.

இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, வாடிக்கையாளர் சேவைத் தொடர்பு ஆகியவையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவில் உத்தரவாதம் செல்லுபடியாகுமா என்பதைச் சாதனத்தின் வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் அறியலாம். விற்பனையாளருடன் பிணக்கு ஏற்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

உத்தரவாதம் பொதுவாகச் சாதனத்துக்கே உரியது. அதிலுள்ள தரவுகளுக்கு அல்ல. பழுதான வன்வட்டுக்கு மாற்றாக வருவது வெற்று வன்வட்டே. தரவு மீட்புச் சேவையும் சேர்த்து விற்கப்படும் வகைகளில்கூட, தரவுகள் கட்டாயம் மீளும் என்ற உறுதி இல்லை.

வாங்கிய பின்

பொருளைத் திருப்பி அளிப்பதற்கான கால வரம்பு முடிவதற்குள், முழுக் கொள்ளளவுக்கும் ஒருமுறை எழுதிப் படித்துப் பார்ப்பது நல்லது. இதற்கு எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. வன்வட்டின் உடல்நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் மென்பொருளில் காணலாம். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை உயர்ந்துகொண்டே சென்றால், முதலில் தரவுகளை வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான 'டிக், டிக்' ஒலி கேட்டால் உடனடியாக இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தொடர்ந்து இயக்குவது மீட்பு வாய்ப்பைக் குறைக்கும்.

விண்டோஸ், மேக் ஆகிய இரண்டிலும் பயன்படுத்துவோர் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளலாம். அவ்வாறு ஃபார்மேட் செய்யும்போது ஏற்கெனவே உள்ள கோப்புகள் அழிந்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒன்றல்ல, இரண்டு

இடம் போதவில்லை என்று கோப்புகளை வெளிப்புற வன்வட்டுக்கு நகர்த்திவிட்டு, மடிக்கணினியில் உள்ளவற்றை அழித்துவிடுவதே பலரும் செய்யும் தவறு. அப்போது அது மறுபிரதியன்று, ஒரே பிரதியாகிவிடுகிறது. மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்பதே இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் நெறி. மடிக்கணினியில் ஒன்று, வன்வட்டில் ஒன்று, மேகச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ மற்றொன்று என இதை எளிதில் நிறைவேற்றலாம். மறுபிரதி எடுத்தவுடன் வன்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்தால், கோப்புகளை முடக்கிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் தாக்குதலும் அதனை எட்டாது.

ஆகவே, விலை உயர்ந்த ஒரே சாதனத்தை நம்பியிருப்பதைவிட, நடுத்தர விலையில் இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே கோப்புகளை வைத்திருப்பதே பாதுகாப்பானது.