கொக்கியில் மச்சான்!

"மாப்ளே, ஏறு! மேல போனா கண்மாய் முழுக்கத் தெரியும்!"

போன வருஷம் ஊர்த் திருவிழாவில் என்னை இப்படிக் கூப்பிட்டவர் அக்கா வீட்டுக்காரர். நின்ற இடம், ஹைட்ரா கிரேனின் கொக்கி. கூடவே இரண்டு பேர், அம்மனுக்கு ஆளுயர மாலை.

குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரைக்கு மாசி மகத்தில் மாலைகளைக் குவிக்கிற புதுக்கோட்டைக்காரர்கள் நாங்கள். மாலை என்றால் பெரிசா இருக்கணும், உயரத்துல விழணும். முன்னே ஏணி. இப்போ சாமிக்கும் கிரேன், தலைவருக்கும் கிரேன்!

வேடிக்கை என்னன்னா, மச்சான் சிங்கப்பூரில் ஏழு வருஷம் ரிக்கர். சுமையைக் கட்டி கொக்கியில் மாட்டுகிற வேலை. 2011-ல் வந்த கிரேன் விதிகளின்படி அங்கே லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன் வேணும். மூணு பேருக்கும் பயிற்சி கட்டாயம். "கொக்கிக்குக் கீழ நின்னாலே தொலைச்சுடுவான் மாப்ளே" என்று போனில் பெருமையடித்த ஆள்!

"14 டன் கிரேன்டா. நாங்க மூணு பேரும் சேர்ந்து 200 கிலோ. கவிழுமா?"

கவிழும் சார். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து ஒரு மைல் நடக்கலாம். கையை நீட்டி ஒரு நிமிஷம் பிடிங்க பார்ப்போம்! கிரேனும் அப்படித்தான். 14 டன் என்பது பூமை உள்ளே இழுத்து, சுமை வண்டியை ஒட்டி இருக்கும்போது. பூம் நீள நீள, தூக்கும் சக்தி சரசரவென்று இறங்கும். எவ்வளவு தூரத்தில் எத்தனை டன் என்று லோடு சார்ட்டே உண்டு.

அடுத்தது தரை. பெரும்பாலான ஹைட்ராவுக்கு ஊன்றிக்கொள்ள ஜாக்கிக் கால் கிடையாது. டயரை நம்பித்தான் நிற்கணும். ஆறரை அடி அகல வண்டியில் ஒரு பக்கச் சக்கரம் நாலு இஞ்ச் புதைந்தால், நாற்பது அடி உயரத்தில் பூம் முனை இரண்டடி விலகிவிடும். எங்க ஊரில் சக்கரம் நின்றது, முதல் நாள் கொட்டிய கிராவல் மண்ணில்!

அரக்கோணம் பக்கம் கீழ்வீதி ஞாபகம் இருக்கா? 2023 ஜனவரி 22, மயிலேறு திருவிழா. ஆட்களோடு கிரேன் சாய்ந்து நாலு பேர் போய்விட்டார்கள்.

"மச்சான், சிங்கப்பூர்ல இப்படி ஏறுவீங்களா?"

"அங்க சேஃப்டி ஆபீசர் பார்ப்பாரு."

"இங்க?"

"இங்க சாமி பார்க்கும்!"

சாமியோடு சேர்ந்து அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, சரியாகக் கொக்கிக்குக் கீழே. கை காட்டினேன். மச்சானின் சிரிப்பு நின்றது.

இறங்கினார். கூட்டத்தைத் தள்ளி நிறுத்தினார். கிரேனைக் கெட்டித் தரைக்கு நகர்த்தச் சொன்னார். மாலையை மட்டும் பெல்ட்டில் கட்டினார். சிக்னல் காட்ட ஒரே ஆள், அவர்தான். பழைய ரிக்கர் திரும்பி வந்துவிட்டார்!

மாலை விழ அரை மணி லேட். அம்மன் கோவிச்சுக்கலை.