நாலு சென்டிமீட்டர்!

நீளம் தாண்டுதல் என்றால் மணலில் எகிறிக் குதிப்பது, அவ்வளவுதானே என்கிறீர்களா? குதிப்பது கடைசி ஒரு விநாடி சமாச்சாரம் சார்! முக்கால்வாசி வேலை அதற்கு முந்தின ஓட்டத்தில்தான்.

சுமார் 40 மீட்டர் ஓட்டம். முதலில் நிதானம், போகப் போக வேகம். முடிவில் 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பலகை. அதை மிதித்துத்தான் எம்பணும். விரல் நுனி பலகையைத் தாண்டினாலும் 'ஃபவுல்'! பயந்துபோய் முன்கூட்டியே எம்பினால் அந்த இடைவெளி நஷ்டம். பலகையின் விளிம்பிலிருந்துதான் அளப்பார்கள். அதனால் ஒவ்வொரு எட்டும் எண்ணி வைத்த எட்டு.

அந்தரத்தில் சைக்கிள் மிதிக்கிறார்களே, அது தூரத்துக்காக இல்லை. உடம்பு முன்னால் கவிழாமல் இருக்க! இறங்கும்போது பின்னால் கையை ஊன்றினால் போச்சு... அங்கேதான் டேப் விழும்.

1991, டோக்கியோ உலகப் போட்டி. பத்து வருஷமாகத் தொடர்ந்து 65 தடவை ஜெயித்த கார்ல் லூயிஸ் 8.91 மீட்டர் தாண்டினார். காற்று அதிகம் என்பதால் சாதனைக் கணக்கில் வராது, போட்டிக்குச் செல்லும். அடுத்த சுற்றில் மைக் பவல்... 8.95! அதுதான் இன்று வரை உலக சாதனை. மிச்சமிருந்த வாய்ப்புகளில் லூயிஸ் 8.87, 8.84. அம்பேல்!

நாலு ஒலிம்பிக்கில் இதே தாண்டலில் தங்கம் வாங்கியவர் லூயிஸ். அவருடைய பத்து வருஷ ஜெயத்தை முடித்து வைத்தது நாலு சென்டிமீட்டர். பலகை அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு!