ஓர் உயிர்ப் புள்ளி வௌவால்

வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் நாமும் தலைகீழாகத்தான் தொங்க வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த வௌவாலைக் கையில் ஏந்தி, அதன் காதால் உலகத்தைப் பார்க்கும் மந்திரவாதிகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், எல்லாம் ஒரு மேஜையைச் சுற்றி நடக்கும் விளையாட்டுத்தான்!

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974-இல் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. முதலில் அச்சிட்டவை ஆயிரம் பிரதிகளே.

பரமபதம் போல இதில் காய் நகர்த்தும் கட்டங்கள் கட்டாயமில்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரனாகவும், திருடனாகவும், மந்திரவாதியாகவும் வேஷம் ஏற்றுப் பேசுவார்கள். வெற்றி தோல்வியை 20 முகப் பகடை முடிவு செய்யும்.

நாகமும் வௌவாலும்

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு பிராணிக்கும் உயிர்ப் புள்ளிகள் உண்டு. கிழட்டுச் சிவப்பு நாகத்துக்கு 546. சாதாரணக் குடியானவனுக்கு 4. வௌவாலுக்கோ ஒன்றே ஒன்று! ஓர் அடி பட்டால் தீர்ந்தது. அதைக் கொன்றவனுக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளியும் பத்துத்தான்.

ஆனாலும் மந்திரவாதிக்கு அது உற்ற துணை. பித்தளைக் கணப்பில் பத்துப் பொற்காசு பெறுமான கரியும் சாம்பிராணியும் மூலிகையும் இட்டு, ஒரு மணி நேரம் மந்திரம் ஓதினால் அது வந்து சேரும். நூறு அடிக்குள் அது இருக்கும்வரை, அது உணர்வதையெல்லாம் அவன் உணரலாம். அந்தச் சமயத்தில் அவனுடைய சொந்தக் கண்ணும் காதும் வேலை செய்யா. கும்மிருட்டிலும் 60 அடி தூரம் வௌவாலுக்குத் தெரியும். காது அடைத்துப் போனாலோ அந்தச் சக்தி போய்விடும்.

கற்பனை அல்ல

இந்தக் கடைசி விதி கற்பனை அல்ல. 1790-களில் இத்தாலிய விஞ்ஞானி ஸ்பல்லான்சானி, பார்வை இழந்த வௌவால்களும் தடுமாறாமல் பறப்பதைக் கண்டார். ஸ்விட்சர்லாந்தின் லூயி ஜூரீன் அவற்றின் காதை அடைத்துப் பார்த்தார். அவை எதிர்ப்பட்ட பொருள்கள்மீது மோதின. காரணம் விளங்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு அவை வழி அறிகின்றன என்பதை, 1938-இல் தொடங்கிய ஆராய்ச்சியால் அமெரிக்கரான டொனால்ட் கிரிஃபினும் ராபர்ட் கலம்போஸும் நிலைநாட்டினர்.

திரும்பி வராத உயிர்

ஆட்டத்தில் வௌவால் அடிபட்டால் உடல்கூட மிஞ்சாமல் மறைந்துவிடும். மறுபடி பத்துப் பொற்காசு செலவழித்தால் திரும்பி வரும். விளையாடுகிறவர் சிரித்துக்கொண்டே பகடையை எடுப்பார்.

மெய்யான வௌவாலுக்கு அந்த வசதி ஏது? 2006-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில், மூக்கில் வெள்ளைப் பூஞ்சை படிந்த வௌவால்கள் காணப்பட்டன. குளிர்காலம் முழுவதும் உறங்க வேண்டிய பிராணியை அந்தப் பூஞ்சை அடிக்கடி எழுப்பிவிடுகிறது. உடம்பில் சேர்த்த கொழுப்பு வசந்தம் வருமுன்பே கரைந்துபோகிறது. வெளியே தின்னப் பூச்சிகள் இல்லை. பட்டினியால் மடிகின்றன. வட அமெரிக்காவில் இப்படி மடிந்தவை லட்சக்கணக்கில்.

2014-இல், புதிய விதிப் புத்தகம் வெளிவந்த அதே ஆண்டில், அந்த நோய் ஆட்டம் பிறந்த விஸ்கான்சினையும் எட்டியது. சுமார் 10 கிராம் எடையுள்ள சிறு பழுப்பு வௌவால் ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும். இழந்ததை ஈடுகட்ட எத்தனை தலைமுறை ஆகுமோ!

வௌவாலுக்கு ஓர் உயிர்ப் புள்ளி என்று எழுதியவர் கணக்குக்காக எழுதினார். குகைக்குள் தொங்கும் அந்தச் சின்னஞ்சிறு பிராணிக்கும் கணக்கு அதுவேதான். பகடையை மறுபடி உருட்டத்தான் அங்கே யாரும் இல்லை.