வயிற்றுச் சுவரில் ஒரு வாசல்

பளுவான மூட்டையைத் தூக்குகிறோம், பலமாக இருமுகிறோம். அப்போதெல்லாம் வயிற்றினுள் அழுத்தம் மிகுகிறது. ஆயினும் குடல் வெளியே பிதுங்குவதில்லையே, ஏன்?

விலா எலும்புகளுக்குக் கீழே வயிற்றின் முன்புறத்தைக் காக்க எலும்பு இல்லை, தசைகளே சுவராகின்றன. பக்கவாட்டில் மூன்று தசைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. கால்சட்டைப் பைகளில் கைகளை விடுங்கள். விரல்கள் காட்டும் திசையில் வெளித்தகட்டின் இழைகள் சரிந்து செல்கின்றன. நடுத்தகட்டின் இழைகள் அவற்றுக்குக் குறுக்காகவும், உள்தகட்டின் இழைகள் கிடையாகவும் செல்கின்றன. ஒட்டுப்பலகை உறுதியாக இருப்பதும் இத்தகைய அமைப்பினால்தான்.

இந்தச் சுவரில் பலவீனமான இடம் ஒன்று உண்டு. ஆண் கருவின் விரைகள் முதலில் வயிற்றினுள், சிறுநீரகங்களுக்கு அருகே தோன்றுகின்றன. ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் தொடை இடுக்கின் வழியே விரைப்பையை நோக்கி இறங்குகின்றன. அவை கடந்த பாதையே தொடை இடுக்குக் கால்வாய். பெரியவர்களிடம் இதன் நீளம் சுமார் 4 செ.மீ. இது சாய்வாக அமைந்திருப்பதால், நாம் இருமும்போது சுவர்கள் நெருங்கி வழியை அடைத்துவிடுகின்றன.

சிலருக்கு இந்த அடைப்பு போதுவதில்லை. குடலின் ஒரு பகுதி கால்வாயில் நுழைந்து புடைக்கிறது. இதுவே குடலிறக்கம். பெண்களுக்குக் கால்வாய் குறுகலானது. ஆகவே இது அவர்களிடம் குறைவு. கால்வாயின் பின்சுவரைத் தைத்து வலுப்படுத்தும் முறையை இத்தாலிய அறுவை மருத்துவர் எடோர்டோ பாசினி 1887இல் வெளியிட்டார். இன்று பெரியவர்களுக்குப் பெரும்பாலும் செயற்கை இழை வலையைப் பொருத்துகின்றனர்.

தொடை இடுக்கில் புடைப்பு தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், பெற்றோரிடம் சொல்லுங்கள். புடைப்பு உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் கண்டால், குடலுக்குச் செல்லும் இரத்தம் தடைபட்டிருக்கலாம். அப்போது ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.