கதவுக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு

மலேசியாவில் புரோட்டோன் காடியைக் கேலி செய்யாதவர் குறைவு. அந்தக் கேலியில் பாதி பவர் விண்டோவுக்கே போய்ச் சேரும். 2000இல் வந்த புரோட்டோன் வாஜா, உள்நாட்டிலேயே வடிவமைத்த முதல் காடி என்ற பெருமையோடு வந்தது; இறங்கிய கண்ணாடி ஏறாது என்ற பெயரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது.

கதவுக்குள் இருப்பது பெரிய வித்தை இல்லை. 12 வோல்ட் மோட்டாரின் அச்சில் உள்ள திருகு ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும். திருகு சக்கரத்தைச் சுழற்றலாம், சக்கரம் திருகைச் சுழற்ற முடியாது. கண்ணாடியைக் கையால் அமுக்கித் திருடர்கள் இறக்க முடியாததற்கு அதுதான் காரணம். சக்கரத்தோடு சுழலும் உருளையில் மெல்லிய எஃகுக் கேபிள் சுற்றியிருக்கும். அது கப்பிகளில் ஓடி, தண்டவாளத்தில் நகரும் ஒரு பிளாஸ்டிக் துண்டை மேலும் கீழும் இழுக்கும். கண்ணாடியின் மொத்தக் கனமும் அந்தத் துண்டின் மேல்தான்.

சுங்கை ரம்பாய் போன்ற கடலோர ஊரில் காடி நாள் முழுக்க வெயிலில் வேகும். பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வரும். கண்ணாடியின் இருபுறமும் உள்ள ரப்பர் இறுகிப்போகும். செம்பனைத் தோட்டத்து மண்சாலைத் தூசியும் அதில் அப்பிக்கொள்ளும். கண்ணாடி சிக்கச் சிக்க மோட்டார் முக்கி இழுக்கும். மோட்டார் தப்பித்துக்கொள்ளும், துண்டு உடையும். டோலிலும் பார்க்கிங்கிலும் ஓயாமல் இறங்கி ஏறும் ஓட்டுநர் பக்கக் கதவில்தான் பெரும்பாலும் முதலில் போகும்.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். மோட்டார் உறுமியும் கண்ணாடி அசையவில்லை என்றால் துண்டோ கேபிளோ போய்விட்டது. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், சுவிட்ச், அதற்குப் பிறகே மோட்டார். மெதுவாக ஏறினால் ரப்பர்தான். அதற்குச் சிலிக்கோன் ஸ்பிரே போதும். எண்ணெய் போட்டால் ரப்பர் உப்பும், தூசியும் ஒட்டும்.

எரிச்சல் தருவது உடைவதல்ல. விரல் அளவுத் துண்டுக்காக, தண்டவாளம் கேபிளோடு முழு செட்டையும் வாங்க வைக்கிறார்களே, அதுதான். எது முதலில் உடையும் என்று வடிவமைப்பவருக்குத் தெரியாதா? அதை மட்டும் கழற்றி மாட்டும்படி செய்திருக்கலாம். கதவு அட்டையைக் கழற்றும்போது அதன் கிளிப்புகள் உடைவது தனிக் கணக்கு.

ராத்திரியில் கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டால் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், கேபிள் உருளையில் சிக்கி வேலை இரட்டிப்பாகும். இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துக் கண்ணாடியை மேலே தூக்கி, கதவுச் சட்டத்தின் மேல் வளைத்து உள்ளும் வெளியும் டேப் ஒட்டிவிடுங்கள்.