மண்ணின் இயல்பறிந்த உழவு

பருத்தி விளையும் கரிசலில் ரப்பர் மரம் செழிப்பதில்லை. ரப்பர் மரம் ஓங்கி வளரும் மழைநாட்டிலோ, காய் வெடிக்கும் பருவத்தில் பெய்யும் மழையால் பஞ்சு நனைந்து கெடும். இன்ன நிலத்தில் இன்ன செடி, இன்ன பிராணி என்று வகுத்து வைப்பவை முக்கியமாக இரண்டு: மழையும் வெப்பமும். இவ்விரண்டின் அளவுக்கேற்பப் பரந்த நிலப்பரப்பொன்றில் ஒருங்கே வாழும் தாவரங்களையும் பிராணிகளையும் 'பல்லுயிர்த் தொகுதி' என்று அறிவியலார் வழங்குவர். அவற்றின் வகைகளை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

பூமத்திய ரேகையை ஒட்டி அமேசான், காங்கோ ஆற்றுப் பிரதேசங்களில் மழைக்காடுகள் உள்ளன. அங்கே பல இடங்களில் ஆண்டுக்கு 200 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மரங்களின் செழிப்பைக் கண்டு மண்ணும் வளமுடையது என்று எண்ணலாகாது. உதிரும் இலை விரைவில் மக்கிவிடுகிறது. அதன் சத்தை வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே, காட்டை அழித்துப் பயிரிட்டால் சில ஆண்டுகளிலேயே விளைச்சல் குன்றுகிறது.

மழைக்காலமும் வறட்சிக்காலமும் மாறிமாறி வரும் ஆப்பிரிக்கப் பகுதிகளில், புல்லும் இடையிடையே மரங்களும் கொண்ட சவன்னா பரந்து கிடக்கிறது. ஆண்டுக்கு 25 சென்டிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் சகாரா போன்றவை பாலைவனங்கள். குளிர் மிகுந்த கனடாவிலும் சைபீரியாவிலும் ஊசியிலைக் காடுகள் உள்ளன. அவற்றுக்கும் வடக்கே, அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் துந்திரப் பிரதேசம் இருக்கிறது. மிதமான சீதோஷ்ணமுள்ள நாடுகளில், மழை போதிய இடங்களில் இலையுதிர் காடுகளும், மழை குறைந்த உட்பகுதிகளில் புல்வெளிகளும் அமைந்துள்ளன.

இவற்றுள் மனிதன் பெரிதும் தவறாகக் கணித்தது புல்வெளியையே எனலாம். மரம் இல்லாத நிலம் வீணான நிலம் என்று அவன் எண்ணினான். ஆனால் புல்வெளியின் செல்வம் மண்ணுக்கடியில் இருக்கிறது. சில புற்களின் வேர்கள் 2 மீட்டருக்கும் கீழே இறங்குகின்றன. வறட்சியிலும் காற்றிலும் மண்ணைப் பிடித்து நிறுத்துபவை அவ்வேர்களே.

அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள பெரும் புல்வெளியில் நடந்ததைப் பாருங்கள். 1914 முதல் 1918 வரை நடந்த போரின்போது கோதுமை விலை ஏறியது. டிராக்டர்களும் வந்து சேர்ந்தன. புல் நிலம் வெகுவாக உழப்பட்டது. 1930-ஐ ஒட்டி விலை வீழ்ந்தபோது, நட்டத்தை ஈடுகட்ட எண்ணிப் பலர் மேலும் உழுதனர். பின்னர் தொடர்ந்து மழை பொய்த்தது. பிடித்து நிறுத்த வேரில்லாத மண் காற்றில் கிளம்பிற்று. 1934 மே மாதத்தில் எழுந்த புழுதி, நியூயார்க் நகரையும் கடந்து அட்லாண்டிக் கடல்வரை சென்றது. 1935 ஏப்ரல் 14 அன்று வீசிய புயலில் பகற்பொழுதே இருளாயிற்று. இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர்.

அதே மாதத்தில் மண்வளப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. எனினும், சட்டம் மட்டும் மண்ணைக் காத்துவிடாது. ஒருவர் நிலத்தில் கிளம்பும் புழுதி அயலார் பயிரை மூடிவிடும். தனியொருவர் கவனமாக உழுதும் பயனில்லை. ஆகவே 1937 முதல், விவசாயிகள் வாக்களித்துத் தங்கள் வட்டாரத்துக்கு மண்பாதுகாப்பு அமைப்புகளை ஏற்படுத்திக்கொண்டனர். சரிவுக்குக் குறுக்கே உழுதல், காற்றைத் தடுக்க மரவரிசை நடுதல், நலிந்த நிலத்தை மீண்டும் புல்லுக்கே விடுதல் ஆகிய முறைகள் பரவின. ஒருவருக்கு இயலாதது பலர் கூடியபோது இயன்றது.

நம் ஊர்களிலும் மேய்க்கால் நிலத்தை வெறும் தரிசு என்று கூறும் வழக்கம் உண்டு. விலையேற்றத்தைக் கண்டு அதில் ஏரிடுவதற்கு முன், அங்குப் பெய்யும் மழை எவ்வளவு, மண்ணைப் பிடித்திருப்பது எது என்பதை அங்கத்தினர்கள் கூடி ஆராய்வது நன்று. உழுதுவிட ஒரு நாள் போதும். போன மேல்மண் மீண்டும் உண்டாகப் பல தலைமுறைகள் வேண்டும்.